அண்ணன் வாங்கிய வெற்றிட மெஷின்

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் முதல் பனியில் தொடங்குவார்கள். எனக்குப் பனியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பனி விழும், சேறாகும், காலணிக்குள் போகும். அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது கோபத்தில். அது ஆறுவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

இந்த ஏப்ரலில் என் குடியிருப்பு அனுமதி அட்டை காலாவதியானது. வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். காலையிலேயே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் தனசேகர் மாமா, என் தாய்மாமன் மகன். புதுச்சத்திரத்தில் இருக்கிறார். ஆழ்துளைப் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார், பிறகு சோலார் விற்றார், பிறகு என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது.

வீடியோவில் பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதன் கதவில் பெரிதாக என் முகம். எங்கள் ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் படம் அது.

"டீசல் வேண்டாமுங்க, வெயில் வேண்டாமுங்க, காத்து வேண்டாமுங்க. சும்மா கெடக்கற வெற்றிடத்துல இருந்து கரண்டு. கண்டுபுடிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? நம்ம எருமப்பட்டிப் பொண்ணு, என்ற அத்தை மக. மொத மெசின் எங்க வேலு மச்சான் கோழிப்பண்ணைக்குங்க. பழைய டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கிட்டு இதை வெச்சுக் குடுக்கறோம்."

வேலு மச்சான் என்பது என் அண்ணன். என் சீட்டு எண்ணை அழைத்தது எனக்குக் கேட்கவில்லை. முறை போய்விட்டது. மறுபடியும் சீட்டு வாங்கினேன்.

2

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அளப்பதுதான் என் வேலை. எதை அளக்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் தனசேகர் மாமா சொன்னதுதான் ஊரில் நிற்கும்.

இரண்டு தகடுகளை மிக நெருக்கமாக, தொடாமல் நிறுத்த வேண்டும். இடையில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மின்சாரம் இல்லை, காந்தம் இல்லை. இருந்தாலும் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும். வெற்றிடம் என்பது சும்மா கிடக்கும் இடம் அல்ல. எல்லா ஒளியையும் அணைத்து, முடிந்தவரை குளிரவைத்தாலும் மின்காந்தப் புலம் முழுக்க அடங்காது. கொஞ்சம் நடுக்கம் மிஞ்சும். அந்த நடுக்கம் தகடுகளுக்கு நடுவில் ஒரு விதமாகவும் வெளியே ஒரு விதமாகவும் இருக்கும். அந்த வித்தியாசம்தான் இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது தகடு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. தங்கம் என்றால் அதிகம், கண்ணாடி என்றால் குறைவு.

என் தகடுகள் இரண்டும் கெட்டான். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே போகப் போக உலோகம் மாதிரி ஆகும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஒரே சீரான பொருள் என்றால் கணக்கு போட வழி இருக்கிறது. முதலில் முடிவிலி வரும். அந்தப் பொருள் தனியாக இருந்தால் வரும் முடிவிலியை அதிலிருந்து கழித்தால் ஓர் ஒழுங்கான எண் மிஞ்சும். பொருளின் தன்மை இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போனால், அதற்கு உள்ளே அழுத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு இந்தக் கழித்தல் உதவாது. கழித்த பிறகும் முடிவிலியே மிஞ்சும். எதைக் கழிப்பது என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். போடட்டும். இப்படிப்பட்ட இரண்டு தகடுகள் வெளியில் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்று நான் அளந்து தருகிறேன்.

இதை ஓர் உவமையாக்கி எழுதுங்கள், நீங்களும் இந்தத் தகடு மாதிரி இங்கும் இல்லை அங்கும் இல்லை என்று முடித்தால் நன்றாக இருக்கும் என்றார் எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகைக்காரர். நான் தகடு அல்ல. என் ஊர் எருமப்பட்டி.

விசையின் அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். விரல் நகம் அளவுள்ள இரண்டு தங்கத் தகடுகளை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தினால், ஒரு கொசுவின் எடையில் நூறில் ஒரு பங்குகூட வராது. இதை வைத்துத்தான் தனசேகர் மாமா கோழிப்பண்ணைக்கு ஃபேன் ஓட்டப் போகிறார்.

3

அண்ணன் முன்பு லாரி ஓட்டினான். முதுகு போன பிறகு கோழிக்கு வந்தான். போன வருடம் புது ஷெட் போட்டான். பழைய ஷெட் மாதிரி திறந்த ஷெட் அல்ல. நான்கு பக்கமும் அடைத்து, ஒரு கோடியில் காற்றைக் குளிரவைக்கும் ஈரத்தட்டி, மறு கோடியில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் ஓடும்வரை உள்ளே குளுகுளு என்று இருக்கும். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் ஒரு மணி நேரம் போதும், உள்ளே உள்ள அத்தனை கோழியும் சாகும். அதனால்தான் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரைத்தான் கொடுக்கப் போகிறான்.

அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன்.

"அண்ணா, அந்த மெசின் வேண்டாம்."

"ஏன் அம்மிணி, உன்ற மெசினு. உனக்கே வேண்டாமா?"

"என்ற மெசின் இல்லண்ணா. அப்படி ஒரு மெசினே கெடையாது."

"வெற்றிடத்துல ஃபோர்ஸ் இருக்குதா, இல்லியா? அதை மட்டும் சொல்லு."

"இருக்குது. ஆனா கொசு எடைகூட வராது."

"அது ஒரு தகட்டுக்கு. பெட்டிக்குள்ள லட்சம் தகடு இருக்குதுன்னு மாப்ள தனசேகரு சொல்றான். ஏன் அம்மிணி, வேக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தொப்பூர் எறக்கத்துல முழு லோடு வண்டியை வேக்கம் பிரேக்குலதான நிறுத்துனேன். வண்டியவே நிறுத்துற வேக்கம் ஒரு ஃபேனைச் சுத்தாதா?"

வெற்றிடத்துக்கும் ஆங்கிலத்தில் அதே வேக்கம்தான்; லாரி ஓட்டினவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். 

"அது வெளிக்காத்து அமுக்கறதுண்ணா. அந்த வேக்கத்தைப் புடிச்சுக் குடுத்தது இஞ்சின். இஞ்சினுக்கு டீசல் ஊத்துனது நீ. டீசல் இல்லாம எந்த வண்டியில உனக்கு வேக்கம் ஏறுச்சு?"

 ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கோயில்ல பூக் கேட்டுட்டேன் அம்மிணி. வெள்ளப் பூ வந்துருச்சு."

வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் சாமி சரி சொல்லிவிட்டது. சிவப்பு வந்தால் வேண்டாம். பொண்ணு பார்ப்பதற்கும் போர் போடுவதற்கும் கேட்பார்கள். மெஷினுக்குக் கேட்டவன் என் அண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"சாமிகிட்ட என்ன கேட்ட? மெசினை வாங்கலாமான்னுதான கேட்ட? ஜெனரேட்டரைக் குடுத்துரலாமான்னு கேட்டியா?"

"ஒவ்வொண்ணுக்கும் பூப் போட்டா பூ பத்தாது அம்மிணி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

4

என் முறை வந்தது. புது அட்டை வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அதிகாரி. இதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டேன். முடியாது, போனால் திரும்பி உள்ளே வர அனுமதி இல்லை என்றார். அவசரம் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் வினைச்சொற்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. உடனே அவர் குழந்தையிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்கினார்.

"குடும்பத்தில் யாராவது இறந்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லை. கோழிகள் சாகப் போகின்றன."

"கோழிகள்."

"ஆமாம். என் அண்ணனுடையவை. பிழைப்பே அதுதான்."

அவர் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மரணச் சான்றிதழ் இருந்தால் பரிசீலிக்கலாம் என்றார். செத்த பிறகு போய் நான் என்ன செய்வது என்று கேட்டேன். தமிழில் கேட்டேன். அவருக்குப் புரியாதது நல்லது, ஏனென்றால் அந்த வாக்கியத்தில் இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன.

ஆய்வகத்துக்குப் போய் எங்கள் பேராசிரியரிடம் வீடியோவைக் காட்டினேன். நிறுவனத்தின் பெயரில் மறுத்து ஒரு கடிதம் தரச் சொல்லலாம் என்று போனேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தப் படத்தைக் காப்பி அறைச் சுவரில் ஒட்டலாம் என்றார்; கடிதப் பேச்சையே எடுக்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்தது அவர் முகமாக இருந்தால் சாயங்காலத்துக்குள் வக்கீல் வந்திருப்பார்.

5

வீட்டில் என் மகள் இனியா வீடியோவை நான் காட்டுவதற்கு முன்பே குழுவில் பார்த்திருந்தாள். எட்டாம் வகுப்பு. தனசேகர் மாமா பேசியதற்கு ஜெர்மன் மொழியில் எழுத்து ஓடவிட்டு வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பியிருந்தாள். எல்லோரும் சிரிக்கும் பொம்மைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அதை அழி."

"ஏன் கத்தறம்மா? உங்க ஊர் ஆளுங்க காமெடி பண்றாங்க. எனக்கு என்ன?"

"உங்க ஊர்னா என்ன அர்த்தம்? அங்க கோழி வளர்க்கறது உன் மாமன்."

அவள் மாமனைப் பார்த்தது இரண்டு முறை. முதல் முறை கைக்குழந்தை. இரண்டாம் முறை கொசுவும் வெயிலும் தாங்காமல் அழுதுகொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் மாமனிடம் பேசச் சொன்னால் குளியலறைக்குள் போய்விடுவாள். இப்போது கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு எத்தனை கோழி இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

இருக்கிறார்கள் இல்லை, இருக்குது என்று திருத்த வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். கோழிக்கு நோய் வந்தால் அண்ணன் வீட்டில் அடுப்பு எரியாது. அங்கே அவை இருக்கிறார்கள்தான். அவள் அதை அழித்தாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் இன்னொரு சண்டை வரும்.

6

வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கிவிட்டு ஜெனரேட்டரை ஏற்ற கிரேன் வண்டி வந்தது. அண்ணன் மனைவி சரசு எனக்கு வீடியோவில் கூப்பிட்டார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். பண்ணையை உண்மையில் நடத்துவது நங்கைதான். அண்ணன் கையெழுத்துப் போடுவான்.

"நீயே சொல்லு கண்ணு, நாஞ் சொன்னா இங்க ஆரு கேக்கறாங்க" என்று போனைத் தூக்கிப் பிடித்தார். களத்தில் பதினைந்து பேராவது நின்றார்கள். தனசேகர் மாமா கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கிரேன் வண்டிக்காரர் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டி வழக்கமாகப் போர்க்குழியிலிருந்து மோட்டார் எடுக்கிற வண்டி.

"ஏனுங் மாமா, போருக்குள்ள மோட்டாரை எறக்கக் கரண்டு வேணுமா?" என்றேன் தனசேகர் மாமாவிடம்.

"எதுக்குங்க? கவுத்தை உட்டா அதுவா எறங்கும்."

"மேல தூக்கறதுக்கு?"

கிரேன்காரர் முந்திக்கொண்டார். "அதுக்குத்தானுங்களே நாங்க வாரோம்."

"தகடும் அதேதான். ஒருக்கா இழுத்து ஒட்டிக்கும். மறுபடி பிரிக்கோணும்னா, இழுத்தப்ப கெடைச்சதை அப்படியே திருப்பிக் குடுக்கோணும். சுத்திச் சுத்தி வந்தாலும் கையில ஒண்ணும் நிக்காது."

"அங்கதானுங்க உங்க பேப்பரே வருது" என்றார் தனசேகர் மாமா. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்தல்ல. "ஒட்டற வரைக்கும் தகடு தங்கம். பிரிக்கறப்ப கண்ணாடி. மெட்டீரியல் மாறுனா ஃபோர்ஸ் மாறும்னு நீங்கதான எழுதியிருக்கறீங்க?"

ஆள் முட்டாள் அல்ல.  எங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதியது உண்மை. என் தகடு இடத்துக்கு இடம் மாறும், நேரத்துக்கு நேரம் மாறாது. நான் சொன்னதும் தங்கம் கண்ணாடி ஆகாது.

"எறங்கறப்ப மோட்டாரு கனம், ஏறறப்ப பஞ்சு. சரி மாமா. கனத்தைப் பஞ்சா மாத்தறது ஆரு? அந்தச் செலவு, நீங்க தூக்கறதுல மிச்சம் புடிச்சதைவிட ஒருநாளும் கொறையாது."

கிரேன்காரர் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். தனசேகர் மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

"ரகசியத்தை வெளிய உடக்கூடாதுன்னு அங்க எழுதி வாங்கியிருப்பாங்க, பாவம். அன்னைக்கே என்னையக் கட்டியிருந்தா இன்னைக்குப் பார்ட்னருங்க அம்மிணி."

"கட்டியிருந்தா உன்னையத்தான் தம்பி அவ மொதல்ல வித்திருப்பா" என்றார் நங்கை.

"என் படத்தையாவது பெட்டியில இருந்து எடுங்க."

"ஸ்டிக்கருங்க. உரிச்சா பெயிண்டு வந்துரும்."

அண்ணன் வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவனைத் தெரியும். ஆனால் ஊர் நிற்கிறது, சாமியிடம் கேட்டாகிவிட்டது, எதிரில் பேசுவது தங்கச்சி, அதுவும் போனுக்குள் இருந்து. நான் அந்தக் களத்தில் நின்றிருந்தால் ஜெனரேட்டர் மேல் ஏறி உட்கார்ந்திருப்பேன். என் கையில் இருந்தது திரும்பி வர முடியாத ஒரு தாள்.

"ஏத்துப்பா" என்றான்.

7

அடுத்த வாரம் நான் அளவீட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது நங்கை கூப்பிட்டார். இங்கே காலை. அங்கே உச்சி வெயில்.

"அம்மிணி, கரண்டு லைன் போயிருச்சு. மெசினு கொஞ்ச நேரம் ஓடி நின்னுபோச்சு. உங்கண்ணன் தீவனம் எடுக்க நாமக்கல் போயிட்டாரு. தனசேகரு போனை எடுக்க மாட்டீங்கறான். எந்தப் பட்டனை அமுக்கோணும், சீக்கிரம் சொல்லு."

அந்தப் பெட்டியில் என் முகம் இருக்கிறது. அவர் என்னைத்தானே கேட்பார்.

"பட்டன் ஒண்ணும் இல்ல நங்கை. அதை உடுங்க. ஷெட்டுக்குச் சைடுல என்ன, செவுரா தார்ப்பாயா?"

"தார்ப்பாயி."

"அறுங்க."

"புதுசு கண்ணு. ஒரு வருசம்கூட ஆவலை."

"அறுங்க நங்கை. காத்து உள்ள போவட்டும். ரெண்டு பக்கமும்."

போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினார். அணைக்கவில்லை. கொடுவாள் தார்ப்பாயைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. வேலைக்காரர்களை நங்கை பெயர் சொல்லிக் கத்தும் சத்தம், தண்ணீர்க் குழாய் பீச்சும் சத்தம். எல்லாவற்றுக்கும் பின்னால் கோழிகள். வெக்கையில் கோழி கூவாது. வாயைத் திறந்து இரைக்கும். ஆயிரக்கணக்கில் இரைத்தால் மழை வருகிற மாதிரி இருக்கும். நான் தகடுகளின் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நேரம் போகப் போகச் சத்தம் குறைந்தது. காற்று போய்க் குறைகிறதா, செத்துக் குறைகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரத்தில் இருப்பது என்றால் இதுதான்.

ஈரத்தட்டிப் பக்கம் இருந்தவை பிழைத்தன. ஃபேன் பக்கம் இருந்தவை போய்விட்டன. ஷெட்டில் பாதி.

8

சாயங்காலம் அண்ணன் பேசினான். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டோம் என்றான். அழுதிருந்தான். நான் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னான்.

"உங்காபீசுல சொல்லி ஒரு ஆளை அனுப்பு அம்மிணி. வந்து ரிப்பேர் பண்ணிக் குடுக்கட்டும்."

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. இனியா அறையிலிருந்து ஓடிவந்து நின்றாள்.

"ரிப்பேர் பண்ண அதுல என்னண்ணா இருக்குது?"

 மறுநாள் பதில் நங்கையிடமிருந்து படமாக வந்தது. கடப்பாரையால் பெட்டியை நெம்பித் திறந்திருந்தார். உள்ளே லாரி பேட்டரிகள், ஓர் இன்வெர்ட்டர். மேல்தட்டில் தங்கக் காகிதம் ஒட்டிய இரண்டு தகரத் துண்டுகள். படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு: "லட்சம் தகடு எங்கன்னு எண்ணிச் சொல்லு கண்ணு."

பிறகு நடந்ததை அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. நங்கை சொன்னார். அதே கிரேன் வண்டியைக் கூப்பிட்டு, பெட்டியை ஏற்றிக்கொண்டு, வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து புதுச்சத்திரம் போயிருக்கிறார். ஜெனரேட்டர் தனசேகர் மாமா கடைக்கு முன்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது. மாமா ஓடி வந்து, "அக்கா, சாமி உத்தரவு குடுத்த மெசினை இப்படித் திருப்பக் கூடாதுங்க" என்றிருக்கிறார்.

"பூப் போட்டது உங்க மச்சான். நானில்ல. தள்ளி நில்லு தம்பி, சங்கிலி மேல உழுகும்."

போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். சொந்தத்துக்குள் எதற்கு என்கிறான் அண்ணன். தனசேகர் மாமா மல்லூர்ப் பக்கம் யாருக்கோ அடுத்த பெட்டியைப் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. என் முகம் இன்னும் அதில் இருக்கிறதா என்று தெரியாது. இதைப் படிக்கிறவர்களிடம் யாராவது அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தால், கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம், கடப்பாரை போதும்.

ஜெனரேட்டரை இறக்கி வைத்த அன்று நங்கை மறுபடி கூப்பிட்டார். நான் அப்போதுதான் அளவீட்டைத் தொடங்கியிருந்தேன். என் கருவிக்குச் சத்தம் ஆகாது. பக்கத்துத் தெருவில் டிராம் போனாலே திரையில் கோடு குலுங்கும். அளக்கும்போது நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்போம். அறைக்குள் யாரும் போனில் பேசக் கூடாது.

எடுத்தேன்.

"கேளு" என்றார் நங்கை.  இரண்டு முறை இருமிவிட்டு ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம். ஒலிபெருக்கியைப் போட்டு, போனைக் கருவியின் மேசை மேலேயே வைத்தேன். திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது. கதவைத் திறந்த பேராசிரியர், என்ன செய்கிறாய், அளவீடு கெட்டுப்போகிறது என்றார்.

கெடட்டும் என்றேன்.